இல்-2 செய்யப் போறீங்களா? நேர் இறக்கையா அம்பு இறக்கையான்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ரெண்டு மாசமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் எனக்கு ஒரே வேலைதான். 1/48 அளவுல ஒரு இல்-2 ஸ்டர்மோவிக் பிளாஸ்டிக் மாடல், ரெண்டாம் உலகப் போர்ல தரைப்படையைத் தாக்கின சோவியத் விமானம். போன வாரம் மேட் வார்னிஷ் அடிச்சு முடிச்சாச்சு. செஞ்சு முடிக்க ஆன நேரத்தை விட எந்த கிட் (பாகங்களை ஒட்டி மாடல் செய்யற பெட்டி) வாங்கறதுன்னு யோசிச்ச நேரம்தான் ரொம்பப் படுத்துச்சு, அதனால அந்த யோசனையை அப்படியே எழுதி வைக்கிறேன், அடுத்து வாங்கறவங்களுக்கு உதவும்.

என் முடிவை இப்பவே சொல்லிடறேன். நான் எடுத்தது 1943 மாடல், ரெண்டு சீட்டு, நேர் இறக்கை. மறுபடி வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன்.

ஸ்கேல் பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல. நிஜ விமானத்தோட இறக்கை, நுனிக்கு நுனி 14.6 மீட்டர். 1/72ல 20 செ.மீ., 1/48ல 30 செ.மீ., 1/32ல 46 செ.மீ. வரும். அலமாரியை ஒரு தடவை அளந்து பாத்துட்டு முடிவு பண்ணிக்கோங்க. காக்பிட்டுக்குள்ள வேலை பண்ணணும், ஆனா இடமும் அடைக்கக் கூடாதுன்னா 48தான். 32 அளவுல ஹாபிபாஸ் கம்பெனி போட்ட இல்-2வை ஒரு நண்பர் வீட்டுல பாத்திருக்கேன், நான் செஞ்சதில்ல, அதனால அதைப் பத்தி பெருசா பேச மாட்டேன்.

நிஜமான கேள்வி எந்த இல்-2ங்கறதுதான். மொத்தம் 36,000க்கு மேல தயாரிச்ச விமானம் இது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்னு நினைச்சீங்கன்னா அங்கதான் மாட்டிக்குவீங்க. மாடல் செய்யறவங்களுக்கு மூணு வகை முக்கியம். ஒண்ணு 1941ல வந்த ஒத்தை சீட்டு. ரெண்டாவது, 1942 கடைசியில இருந்து வந்த ரெண்டு சீட்டு, நேர் இறக்கை. மூணாவது 1944ல பரவலா வந்த ரெண்டு சீட்டு, வெளிப்பக்க இறக்கையை 15 டிகிரி பின்னாடி சாய்ச்சது, இதைத்தான் அம்பு இறக்கைன்னு சொல்றாங்க. கிட் பெட்டிகள்ல 'எம்3'ன்னு ஒரு பேரு அடிக்கடி வரும், அது சோவியத் விமானப்படை வச்ச அதிகாரப்பூர்வப் பேரு இல்ல, அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பி பணம் கட்டிடாதீங்க, உள்ள ஸ்ப்ரூ (பாகங்கள் கோத்திருக்கற பிளாஸ்டிக் சட்டம்) படத்துல இறக்கை எப்படி இருக்குன்னு பாருங்க.

கிட் கம்பெனிகள்னு பாத்தா, 1/48ல டாமியா 2012ல போட்டது அம்பு இறக்கை. ஸ்வெஸ்டா போட்டது 1943 மாடல். அதுக்கெல்லாம் முன்னாடி 1990கள்லயே அக்யூரேட் மினியேச்சர்ஸ் ஒத்தை சீட்டு, ரெண்டு சீட்டு ரெண்டுமே போட்டாங்க, அதே அச்சு பின்னாடி அகாடமி பெட்டியிலயும் வந்துச்சு.

இறக்கையை ஏன் சாய்ச்சாங்கன்னு புரிஞ்சுட்டா பாதி குழப்பம் தீந்துடும். முதல்ல இது ஒத்தை சீட்டு விமானம். எஞ்சின், ரேடியேட்டர், விமானி எல்லாத்தையும் சுத்தி ஒரு எஃகுக் கவசத் தொட்டி, 4ல இருந்து 12 மி.மீ. வரைக்கும் கனம், அந்தத் தொட்டியே விமானத்தோட உடம்பும் கூட. பின்னாடி இருந்து ஜெர்மன் ஃபைட்டர்கள் வந்து அடிக்க அடிக்க, ஒரு பின்சீட்டு கன்னர் வேணும்னு ஆச்சு. அவரை வச்ச இடம் தொட்டிக்கு வெளிய, மரத்தால செஞ்ச வால் பகுதி ஆரம்பிக்கற எடத்துல. உக்காரறதுக்கு நாற்காலி கூட இல்ல, ஒரு கான்வாஸ் வார் மட்டும்தான், கையில 12.7 மி.மீ. யுபிடி மெஷின்கன், 150 குண்டு. ஒரு ஆள், கன், குண்டுன்னு அவ்வளவு எடை பின்னாடி போனதும் எடைமையம் நகந்துடுச்சு, விமானத்தை நேரா வச்சுக்கிட்டுப் பறக்கறதே கஷ்டமாச்சு. அதைச் சரி பண்ணத்தான் வெளிப்பக்க இறக்கையைப் பின்னாடி சாய்ச்சாங்க. அப்ப 1943 நேர் இறக்கைங்கறது கன்னரை ஏத்தியாச்சு, எடையை இன்னும் சரி பண்ணல, அந்த இடைக்கால விமானம். 1943 ஜூலையில குர்ஸ்க்ல ஜெர்மனிக்கும் சோவியத்துக்கும் நடந்த பெரிய டாங்க் சண்டையில பறந்தது இதுதான். எனக்கு இதைத்தான் செய்யணும்னு தோணினதுக்கு அந்தக் கன்னர் சீட்டு ஒரு காரணம். 6 மி.மீ. டேப்பை நறுக்கி, மடிச்சு, அந்த கான்வாஸ் வாரைச் செஞ்சு ஒட்டினப்போ, இதுல உக்காந்துக்கிட்டு எப்படி சண்டை போட்டிருப்பாங்கன்னு கொஞ்ச நேரம் கையில பிடிச்சுட்டே இருந்தேன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், மத்த எல்லாத்தையும் விட இது ஒண்ணுதான் முடிவு பண்ணும். வாங்கினதுக்கு அப்புறம் இறக்கையை மாத்த முடியாது. பெயிண்ட் தப்பாப் போனா உரிச்சுட்டுத் திரும்ப அடிக்கலாம், மெஷின்கன் தப்பா இருந்தா பித்தளைக் குழல் வாங்கி மாத்தலாம், டீகால் (மேல ஒட்டற சின்னம், நம்பர்) வேற கம்பெனியில வாங்கலாம், ஆனா தப்பான இறக்கை கிட்டை வாங்கிட்டா அவ்வளவுதான். நான் முதல்ல அம்பு இறக்கை கிட்டைத்தான் கார்ட்ல போட்டேன், பொருத்தம் பிரமாதம்னு எல்லாரும் சொன்னதால, குர்ஸ்க் டீகால் தனியா வாங்கி ஒட்டிக்கலாம்னு நினைச்சு. அப்புறம்தான் 1943 ஜூலையில அந்த இறக்கையே களத்துல இல்லன்னு உறைச்சுது.

வெட்டி மாத்திக்கலாமேன்னு தோணும். கைவசம் ஒரு பழைய, பாதியில விட்ட அம்பு இறக்கை இருந்துச்சு, அதுல முயற்சி பண்ணிப் பாத்தேன். நடு இறக்கை ரெண்டு வகைக்கும் ஒண்ணுதான், சக்கரம் மடங்கற அந்தக் கூட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கற ஜாயிண்ட்ல வெட்டி, நுனியை முன்னாடி திருப்பினா முன்விளிம்பு நேராகும், அதுவரைக்கும் சரி. ஆனா பின்விளிம்புப் பக்கம் ஆப்பு மாதிரி பெரிய இடைவெளி திறந்துக்குது. அதை பிளாஸ்டிக் ஷீட் வச்சு அடைச்சா, அடுத்து இறக்கை நுனி கோணலா நிக்குது, அதை இழைச்சா ஐலரான் (இறக்கைப் பின்விளிம்புல அசையற பகுதி) கோடு சாஞ்சு நிக்குது, அதைத் திரும்பக் கீறினா பேனல் கோடு (தகடுகள் சேர்ற கோடு) எதுவும் எதோடையும் சேரல. மூணு நாள் போச்சு, தூக்கிப் போட்டேன். ஒரு புது கிட் விலையை விட அந்த மூணு நாள் பெருசு எனக்கு. அதனால யாரு கேட்டாலும் நான் சொல்றது, முதல்ல ஒரு போட்டோவையோ ஒரு விமானியையோ பிடிங்க, மாசம் வருஷம் பாருங்க, அதுக்கப்புறம் கிட் வாங்குங்க. கிட்டை வாங்கிட்டு டீகால் தேடாதீங்க.

மாசம் வருஷம் ஏன் முக்கியம்னா பெயிண்டும் அதோடதான் போகுது. ஏஎம்டிங்கறது சோவியத் விமானப் பெயிண்டோட பேரு. போரோட முன்பாதியில மேல பச்சை ஏஎம்டி-4, கருப்பு ஏஎம்டி-6, அடியில நீலம் ஏஎம்டி-7. 1943 நடுவுல புதுசா மூணு நிறம் வந்துச்சு, இளம்பழுப்பு ஏஎம்டி-1, பச்சை ஏஎம்டி-4, அடர்சாம்பல் ஏஎம்டி-12, அடியில அதே நீலம். குர்ஸ்க் சண்டை ஜூலை 5ல ஆரம்பிச்சுது, அப்ப ஏற்கனவே படைப்பிரிவுல இருந்த விமானங்கள் பெரும்பாலும் பச்சை கருப்புதான், நானும் அதைத்தான் அடிச்சேன். அம்பு இறக்கைக்கு மூணு நிறம் கச்சிதமா பொருந்தும், பாக்கவும் அழகா இருக்கும், அது அந்தப் பக்கத்துக்கு ஒரு பெரிய பிளஸ். பெயிண்ட் பாட்டில் ரஷ்யாவோட அக்கான்லயும் ஸ்லோவாக்கியாவோட எம்ஆர்பிலயும் இந்த நம்பர் பேர்லயே கிடைக்குது, கலக்கற வேலை மிச்சம். கருப்பை மட்டும் சுத்தக் கருப்பா அடிக்காதீங்க, இந்த அளவுல ஓட்டை மாதிரி தெரியும், துளி சாம்பல் கலந்துக்கோங்க.

அடுத்து சிப்பிங். பெயிண்ட் உரிஞ்ச இடத்துல வெள்ளி நிறம் தொட்டு வைக்கறது எல்லாருக்கும் பழக்கம். இல்-2ல அது எல்லா இடத்துலயும் செல்லாது. முன்பாதி எஃகு, அங்க உரிஞ்சா பளபளன்னு அலுமினியம் தெரியாது, மங்கலான எஃகு நிறம்தான். வால் பக்கம் பிளைவுட், அங்க வெள்ளி வச்சா தப்பு. வெளிப்பக்க இறக்கையும் நேர் இறக்கை விமானங்கள்ல அலுமினியம் தட்டுப்பாட்டால நிறைய மரத்துல செஞ்சாங்க, அம்பு இறக்கை பெரும்பாலும் உலோகம். சிப்பிங் நிறைய பண்ண ஆசைப்படறவங்களுக்கு அம்பு இறக்கைதான் வசதி, அதுல எனக்கு மறுப்பு இல்ல. நான் நடு இறக்கையில, கன்னரும் விமானியும் ஏறி இறங்கற இடத்துல மட்டும் கொஞ்சம் வச்சுட்டு, மிச்சத்தை அழுக்காலயும் எக்ஸாஸ்ட் புகையாலயும் சமாளிச்சேன். மரம்ங்கறதால இன்னொண்ணும் இருக்கு, வால் பகுதியில ஆழமா பேனல் கோடு, ரிவெட் எதுவும் இருக்கக் கூடாது, உங்க கிட்ல இருந்தா புட்டி வச்சு அடைச்சுத் தேய்ச்சுடுங்க. அரை மணி நேர வேலை, ஆனா தெரிஞ்சவங்க பாத்தா முதல்ல அங்கதான் பாப்பாங்க.

ஆயுதம் விஷயத்துல நேர் இறக்கை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 1943 ஜூலையில முதல் தடவையா பிடாப் குண்டு போட்டாங்க, டாங்க்கோட மேல்தகட்டைத் துளைக்கற சின்ன குண்டு, ஒவ்வொண்ணும் ஒன்றரை கிலோ, ஒரு விமானத்துக்கு 192 வரைக்கும். அது எல்லாம் இறக்கைக்குள்ள இருக்கற குண்டு அறையிலதான் போகும், அதனால வெளிய எதையும் தொங்க விடாம, கதவை மூடி செஞ்சாலே குர்ஸ்க் விமானம் சரியா வந்துடும். 37 மி.மீ. என்எஸ்-37 பீரங்கி வச்ச வகையும் இதே வருஷம்தான், பாக்க மிரட்டலா இருக்கும், ஆனா ரெண்டு பீரங்கியும் ஒண்ணா சுடலைன்னா மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கும்னு விமானிகளுக்கு அது மேல பெரிய பிரியம் இல்ல. நான் சாதாரண 23 மி.மீ. வியா பீரங்கியே வச்சேன்.

ஒத்தை சீட்டு பத்தி சுருக்கமா. 1941, மாஸ்கோ, வெள்ளைக் குளிர்காலப் பெயிண்ட், ஸ்கீன்னு போகணும்னா அதுதான் வழி, வேற எதுவும் ஈடாகாது. நான் ஒரே ஒரு ஒத்தை சீட்டு மட்டும் செஞ்சிருக்கேன், அதுவும் 72ல, பல வருஷத்துக்கு முன்னாடி. பழைய அச்சு கிட்னா இறக்கை உடம்போட சேர்ற எடத்துல புட்டி தேவைப்படும்னு எதிர்பாத்து உக்காருங்க.

அம்பு இறக்கையை நான் ஒதுக்கறேன்னு யாரும் எடுத்துக்க வேணாம். இதுவரைக்கும் கிட் எதுவுமே செய்யாதவங்க, முதல் இல்-2 இழுபறி இல்லாம முடியணும்னு நினைக்கறவங்க, போலந்து, பெர்லின் பக்கம் 1944, 45 செய்யப் போறவங்க, அதையே வாங்குங்க. டாமியா பொருத்தத்துக்கு முன்னாடி நிக்கறது கஷ்டம். எனக்கு மனசுல ஒரு பேரு ஓடிக்கிட்டே இருக்கு, இல்-2 ஓட்டின பெண் விமானி அன்னா யெகோரோவா. 1944 ஆகஸ்ட்ல வார்சா பக்கம் சுடப்பட்டு விழுந்து, தீக்காயத்தோட கைதியாகி, பிழைச்சு வந்து, 1965லதான் சோவியத் யூனியன் வீரர் பட்டம் வாங்கினவங்க. அவங்க விமானம்னு செய்யணும்னா தேதி அம்பு இறக்கைக்குப் பொருந்துது, ஆனா அவங்களோட அந்த ஒரு விமானத்துல எந்த இறக்கைன்னு காட்டற போட்டோ கையில கிடைக்கற வரைக்கும் கிட் வாங்க மாட்டேன்.

கடைசியா, நட்சத்திரம். டீகால் ஷீட்ல எத்தனை இருந்தாலும் மேல் இறக்கையில ஒட்டாதீங்க, 1943 விமானத்துக்கு வால், உடம்பு, இறக்கை அடிப்பக்கம், அவ்வளவுதான் வழக்கம். நான் ஒரு பக்கம் ஒட்டிட்டு, செல்லோடேப் வச்சு உரிச்சு எடுத்தேன், கருப்புப் பெயிண்டும் கொஞ்சம் கூடவே வந்துடுச்சு, அந்த இடத்துலதான் இப்ப எக்ஸாஸ்ட் புகை கொஞ்சம் தூக்கலா இருக்கு.