கரை போன கண்டாங்கி

காரைக்குடியில் ஸ்க்ரீன் தைக்கக் கொடுத்த நாலு கண்டாங்கிச் சேலையும் நாலு கைலியாகத் திரும்பி வந்தன.

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் வீட்டு ஹாலில் சுவர் வெள்ளை, சோபா சாம்பல், நவம்பர் பிறந்தால் ஜன்னலுக்கு வெளியே வானமும் சாம்பல். எட்டு வருஷம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இந்தத் தடவை ஜன்னலுக்குக் கண்டாங்கி, தரைக்குப் பவானி ஜமக்காளம் என்று முடிவோடுதான் வந்தேன். கடுகு மஞ்சளில் அரக்குக் கரை போட்டது ரெண்டு, அரக்கில் கறுப்புக் கரை போட்டது ரெண்டு. முந்தி கீழே வரும்படி ஆளுயரத்துக்கும் மேலே ஒரு துண்டு ஸ்க்ரீனுக்கு; மிச்சம் குஷன் உறைக்கு.

தையல்காரர் என் பள்ளிக்கூட டவுசர் தைத்தவர். "வெள்ளிக்கிழமை வாங்க தம்பி" என்றார். அது எந்த வெள்ளி என்று உங்களுக்கே தெரியும். ஆனால் சொன்ன வெள்ளியே கொடுத்துவிட்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிரித்தால், கட்டம் மட்டும் இருக்கிறது. ரெண்டு பக்கமும் கரையைக் காணோம்.

"கரையை ஏண்ணே வெட்டுனீங்க?"

"அகலம் 35 இஞ்ச்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? சேலை 47 இருந்துச்சு. பக்கத்துக்கு ஆறு எடுத்தேன்."

சீட்டு இன்னும் ஆணியில் தொங்கியது. என் கையெழுத்துதான்.

"2019-ல புவிசார் குறியீடு வாங்குன சேலைண்ணே இது!"

"அப்படியா? நல்ல துணிதான்."

ஸ்டுட்கார்ட்டில் என்றால் இதற்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கி, ரெண்டு தடவை அளவைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். தையல்கூலியில் இன்னொரு சேலை எடுக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் கேட்பார்கள். இவர் தினமும் காலையில் ரோஜாப்பூவோடு வாட்ஸப்பில் வணக்கம் அனுப்புகிறவர். அதோடு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன?

வீட்டுக்கு வந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தத் தரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் கிடக்கிறது. அதன்மேல் அம்மா கடுகு மஞ்சள் கட்டிக்கொண்டு நடப்பாள், ஒருநாளும் கண்ணை உறுத்தியதில்லை. தரையில் பூக்கல்லைச் சுற்றி ஓரக்கல் ஓடுகிறது, சேலையில் கட்டத்தைக் கரை பிடித்து நிறுத்துகிறது. கரை போனால் கட்டம் கைலிதான். அப்பாவே, "இதை நான் கட்டிக்கிறேன்டா" என்றார்.

மறுநாள் சண்டைக்கென்றே போனேன். அவர் எட்டுக் கரைகளையும் சுருட்டி, நியூஸ் பேப்பரில் பொதிந்து வைத்திருந்தார். ஒரு இழை வீணாக்கவில்லை. "கொசுவத்துக்குத் துணி விடாம யாரு தம்பி ஸ்க்ரீனுக்கு அளவு குடுப்பா?" என்று என்னையே திட்டிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் ஒட்டுத் தையல் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. காபி வேறு வாங்கிக் கொடுத்தார்.

பெட்டியைக் கட்டும்போதுதான் பார்த்தேன்: மஞ்சள் ஒன்றில் இடப்பக்கம் அரக்குக் கரை, வலப்பக்கம் கறுப்பு. அரக்கு ஒன்றிலும் அதே குளறுபடி. விடிந்தால் ஃப்ளைட்.

மாட்டியாகிவிட்டது. கீழ்வீட்டு ஜெர்மன்காரம்மா வந்தவர் மற்ற மூணையும் விட்டுவிட்டு அந்த மஞ்சளைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ரெண்டு கரை ரெண்டு நிறத்தில் இருப்பது எங்கள் ஊர் வழக்கமா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.