ஊராட்சித் தலைவர்: படகு முதலாளியா, குழு அக்காவா?

எங்கள் கடற்கரை ஊராட்சியில் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் பெயர் அடிபடுகிறது. ஒருவர் விசைப்படகு முதலாளி. இன்னொருவர் மகளிர் குழு நடத்தும் அக்கா.

முதலாளி பேச்சில் வேகம் உண்டு. இலங்கைக் கடற்படை பிடித்த படகுகளை மீட்பேன், 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை உயர்த்துவேன் என்கிறார். அந்த வலி உண்மை. எங்கள் வீட்டு ஆட்களும் கடலுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் முதலாவது டெல்லி பேச வேண்டியது, இரண்டாவது சென்னை முடிவு செய்வது. ஊராட்சித் தலைவருக்கு அங்கே என்ன அதிகாரம்? கட்சி ஆதரவு இருக்கிறது என்கிறார்கள். சரி, ஆனால் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர் சீட்டுகளில்தான் அது வரும்.

அக்கா பேசுவது குடிநீர், தெருவிளக்கு, குப்பை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் குடத்தோடு வரிசையில் நிற்கிறவர் அவர். கிராம சபையில் வரவு செலவைக் கடகடவென்று படித்து முடிக்கப் பார்த்தபோது, "மோட்டார் பழுதுக்கு எழுதின தொகையை மறுபடி வாசிங்க" என்று எழுந்து கேட்டதும் அவர்தான். கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

குறையும் உண்டு. ஒன்றிய அலுவலகத்தில் அவருக்கு ஆள் பழக்கம் இல்லை, நிதிக்கு அலைய வேண்டிவரும். முதலாளிக்கு ஒரு போன் போதும்.

இருந்தாலும் என் ஓட்டு அக்காவுக்கே. அப்புறம், வார்டு உறுப்பினர் சீட்டையும் யோசித்துக் குத்துங்கள். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான்.