சொந்தமாகச் செய்த மர இழைப்புளி: பல வருடம் உழைத்த பின் தெரிவது

மரவேலைக் கருவிகளைச் சொந்தமாகச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இழைப்புளியிலிருந்து தொடங்கலாம். ஒரே கட்டையில் வாயை, அதாவது அலகு (வெட்டும் எஃகுத் தகடு) நுழைந்து அடியில் எட்டிப்பார்க்கும் திறப்பை, குடைந்தெடுக்கும் பழைய முறைக்குக் கை நன்றாகத் தேறியிருக்க வேண்டும். கட்டையை நீளவாக்கில் மூன்றாக அறுத்து, நடுத்துண்டில் சரிவுகளை வெட்டி, மறுபடி ஒட்டும் முறை அதைவிட எளிது. மரத் தளவாடக் கலைஞர் ஜேம்ஸ் கிரெனாவ் அமெரிக்காவில் கற்றுக்கொடுத்துப் பரப்பியது இது. செய்த அன்றைக்கு எல்லா இழைப்புளியும் சுகமாகத்தான் சீவும். ஈரமும் வறட்சியும் சில முறை மாறி வந்த பிறகுதான் எந்த அளவில் கவனம் தவறியது என்று தெரியும்.

45 மி.மீ. அலகுக்கு 260 மி.மீ. நீளமும் 70 மி.மீ. அகலமும் உள்ள, நன்றாகக் காய்ந்த கட்டை போதும். இரண்டு பக்கமும் 10 மி.மீ. பலகையாக அறுத்து இழைத்தபின் நடுக்கட்டை 47 மி.மீ. நிற்க வேண்டும். இந்த 2 மி.மீ. தளர்வைப் பலர் குறைத்துவிடுகிறார்கள். வறண்ட பருவத்தில் மரம் குறுக்குவாக்கில் சுருங்கும், எஃகு சுருங்காது. அலகு நடுவில் முட்டி நிற்க, ஒட்டு விடும் அல்லது பக்கப்பலகை பிளக்கும். அலகைப் பக்கவாட்டில் தட்டிச் சரிசெய்யவும் இந்த இடம் தேவை.

அடியிலிருந்து அளந்தால் அலகு சாயும் சரிவு 45 பாகை, அலகுக்கு எதிரே உள்ள முன்சரிவு 60 பாகை அளவில். 45 பாகைச் சரிவு துல்லியமாகச் சமதளமாக இருக்க வேண்டும். நடுவில் மயிரிழை மேடு இருந்தாலும் அலகு ஆடும், இழைத்த பரப்பில் அலை அலையாக வரி விழும். ஒட்டும்போது வழிந்து காய்ந்த பசைத் துளியும் இதே கோளாறைத் தரும் என்பதால், ஈரமாக இருக்கும்போதே குச்சியால் வழித்தெடுங்கள். பசை தடவினால் துண்டுகள் வழுக்கும். நீளத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, இரு முனைகளிலும் 6 மி.மீ. மரக்குச்சிகளைக் குறுக்கே செருகிக்கொண்டால் நகராது. பிறகு அந்த முனைகளை அறுத்துவிடலாம்.

ஆப்பைத் தாங்கும் குறுக்குக்கட்டையைப் பசை போட்டு நிறுத்தக் கூடாது. தன் அச்சில் சற்றுத் திரும்பினால்தான் ஆப்பின் மேல் முழுதாகப் படியும். ஆப்பின் சரிவு 8 முதல் 10 பாகை. அதற்கு மேல் போனால் வேலையின் நடுவே கழன்றுவிடும், மிகக் குறைந்தால் பிடித்துக்கொண்டு வராது.

அடிப்பாகத்தைச் சமன்படுத்தும்போது அலகையும் ஆப்பையும் இறுக்கி, வெட்டுமுனையை மட்டும் 2 மி.மீ. உள்ளே இழுத்து வையுங்கள். ஆப்பின் அழுத்தத்தில் அடி லேசாக வளையும், அந்த வளைவோடு சேர்த்துத்தான் சமன்செய்ய வேண்டும். கண்ணாடிமேல் ஒட்டிய 220 உப்புத்தாள் போதும். முன்முனை, வாய்க்கு முன்புள்ள விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் ஒருசேரத் தொட வேண்டும்.

பல வருட உழைப்பில் முதலில் தேய்வது அந்த வாய் விளிம்புதான். தேய்ந்த அடியைச் சமன்செய்யும் ஒவ்வொரு முறையும் வாய் கொஞ்சம் அகலும், ஏனென்றால் சரிவுகள் மேலே போகப் போக விரிகின்றன. மெல்லிய சுருளுக்கு 0.5 மி.மீ.க்குள் வாய் இருந்தால் நல்லது. தாண்டினால், நார் மாறி ஓடும் இடங்களில் மரம் பிய்யத் தொடங்கும். இழைப்புளியைத் தூக்கிப் போட வேண்டாம். வாய்க்கு முன்னால் 5 மி.மீ. ஆழத்துக்குக் குழிவெட்டி, கருங்காலி போன்ற அடர்ந்த மரத்துண்டைப் பதித்தால் புதியதுபோல் ஆகிவிடும். வேலை முடிந்ததும் ஆப்பைத் தளர்த்தி வைக்கும் பழக்கம் அடியின் வளைவைப் பெரிதும் குறைக்கிறது.

அலகை மட்டும் வாங்கிக்கொள்வதே நல்லது. அகலமான தடித்த எஃகை அடுப்பில் ஒரே சீராகச் சூடாக்குவது கடினம், தோய்ச்சலில், அதாவது சூடான எஃகை எண்ணெயில் முக்கிக் குளிர்விக்கும்போது, கோணும். கோடு கிழிக்கும் கத்தி அப்படியல்ல. 3 மி.மீ. தடிமனான ஓ1 (எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் கருவி எஃகு) எஃகில் தாராளமாகச் செய்யலாம். வெட்டுமுனையில் 1 மி.மீ. தடிமனை விட்டுவைத்து, காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேல் வரை சூடாக்கி, வெதுவெதுப்பான எண்ணெயில் செங்குத்தாக இறக்குங்கள். எண்ணெய் தீப்பிடிக்கலாம், இரும்பு மூடி பக்கத்தில் இருக்கட்டும். அரம் கடிக்காமல் வழுக்கினால் கடினமாகிவிட்டது என்று அர்த்தம். உடனே 200 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்துப் பதம் தணிக்காவிட்டால் முனை சில்லுச் சில்லாக உதிரும். பழைய அரத்தில் செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை: சில மலிவான அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினம், தேய்த்த பிறகு உள்ளே இருப்பது எத்தனை முறை தோய்த்தாலும் இறுகாது.

கொட்டாப்புளிக்கு (மரச் சுத்தியல்) இவ்வளவு பாடு இல்லை. தலையின் துளையை மேலே அகலமாகச் சரித்து வெட்டி, கைப்பிடியை மேலிருந்து செருகினால் பசையே வேண்டாம். ஓங்கும்போதெல்லாம் தானாக இறுகும். வறண்ட காலத்தில் தலை ஆடினால், கைப்பிடியின் அடிமுனையைத் தரையில் குத்தாமல் மேல்முனையை இரண்டு தட்டு தட்டுங்கள். அடிமுனையைக் குத்தினால் பிடி கழன்று மேலே வந்துவிடும்.