சோழர் சுவரா, நாயக்கர் பூச்சா, ஆரூர் விதானமா?

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றி, வெளிச்சம் எட்டாத ஒரு நடைவழி இருக்கிறது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி அதற்குள் போய்ச் சுவர்களைப் பார்த்தார். மேலே இருந்தவை நாயக்கர் காலத்து ஓவியங்கள். காரை பெயர்ந்த இடங்களில் அடியிலிருந்து வேறொரு வண்ணம் தெரிந்தது. அது ராஜராஜன் காலத்தது, கோயில் கட்டி முடித்த 1010-ஐ ஒட்டியது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டு கழித்து அதன்மேல் இன்னொரு சாந்து பூசிப் புதிதாக வரைந்திருக்கிறார்கள்.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது? இதை யாரிடம் கேட்டாலும் யோசிக்காமல் "சோழரைத்தான்" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பதில் எனக்கு அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

முதலில் சோழர் பக்கம். பழமை அதன் பலங்களில் ஒன்றுதான்; அதைவிடப் பெரிய பலம் வேறு இருக்கிறது. சுந்தரர் கதை அங்கே விரிவாக வரையப்பட்டிருக்கிறது. முதிய வேதியராக வந்த இறைவன் ஓலையைக் காட்டிக் கல்யாணத்தைத் தடுப்பது ஒரு காட்சி. வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போவது இன்னொன்று. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12-ம் நூற்றாண்டில். அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் முன்னதாகவே இந்தக் கதை சுவருக்கு வந்துவிட்டது. அதாவது, பெரியபுராணத்தைப் படித்துவிட்டு வரைந்த படம் இல்லை இது. அந்தக் கதை அன்றைக்கு எப்படி வழங்கியது என்பதற்கு இந்தச் சுவரே தனிச் சாட்சி. இதை இழந்தால் ஈடுகட்ட வேறெதுவும் இல்லை.

வரைந்த முறையும் அபூர்வம். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலர் எஸ்.பரமசிவன் இதை ஆராய்ந்து, ஈரச் சுண்ணச்சாந்தின் மேல் தீட்டிய ஓவியம் என்று சொன்னார். சாந்து காய்வதற்குள் வரைந்து முடித்தாக வேண்டும். தப்பாகப் போன கோட்டை அழித்துத் திருத்த முடியாது. அந்த ஆடல் மகளிரின் இடுப்பு வளைவைப் பார்க்கும்போது இந்த ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டால், கை எவ்வளவு தேர்ந்த கை என்று விளங்கும்.

இனி நாயக்கர் பக்கம். "பிற்காலத்தது, சோழர் அளவுக்கு நேர்த்தி இல்லை" என்று ஒதுக்குகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கிறார்கள். முன்னூறு வருடப் புகையும் ஈரமும் முதலில் தாக்கியது இந்த மேல்பூச்சைத்தான். சோழர் ஓவியம் இந்த அளவுக்காவது மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, இன்றைக்கு நாம் தஞ்சாவூர் ஓவியம் என்று வீட்டில் மாட்டுகிற பலகைப் படங்கள் பெரிதும் மராட்டியர் காலத்தில் உருப்பெற்றவை. அவற்றுக்கும் சோழர் கைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் நாயக்கர் ஓவியத்தைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் இருக்கிற கண்ணியை அறுத்துவிட்டுச் சங்கிலியைப் பற்றிப் பேச முடியாது.

இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலர்கள் கண்ட வழி, மேல்பூச்சைச் சாந்தோடு சேர்த்துப் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகையில் பதிப்பது. அப்படி 16 நாயக்கர் ஓவியங்களைத் தனியே எடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். வெறுமனே சுரண்டி எறிவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். இரண்டு ஓவியமும் பிழைத்தன. ஆனால் கைவிட்டுப் போனதும் உண்டு. சுவரோவியம் வலம் வருகிறவர்களுக்காக வரைந்தது. எந்தக் காட்சிக்கு அடுத்து எது, கருவறைக்கு எந்தப் பக்கம் எது என்பதெல்லாம் அதில் அடக்கம். பலகைக்கு வந்தபின் அது படம் மட்டும்தான். அதனால் என் கணக்கு இதுதான்: மேல்பூச்சு தானே விட்டுக்கொண்டு வரும் இடத்தில் பெயர்க்கலாம், கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் அடியில் என்ன இருக்கிறதோ என்ற ஆசையை அடக்கிக்கொள்ளலாம். அடியில் இருப்பது இன்னும் நூறு வருடம் காத்திருக்கும்.

காப்பாற்ற வேண்டியவற்றில் மூன்றாவது போட்டியாளர் திருவாரூர். தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், அதாவது மேற்கூரையின் உட்புறத்தில், 17-ம் நூற்றாண்டில் தீட்டிய முசுகுந்தன் கதை இருக்கிறது; இந்திரனிடமிருந்து தியாகராசரை ஆரூருக்குக் கொண்டுவந்த அரசன் அவன். வயதைத் தராசில் வைத்தால் தஞ்சைக்கு முன் இது நிற்காது. ஆனால் நான் அங்கே கழுத்து நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், தஞ்சையின் படங்களைப் புத்தகத்தில் பார்த்தபோது வராத நெருக்கம் இங்கே வந்தது. படத்தின் கீழேயே தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள், இது இன்ன காட்சி என்று. ஊர்வலம், வாத்தியக்காரர்கள், ஆடுகிற பெண்கள், வாணவேடிக்கை எல்லாம் இருக்கின்றன. தேவலோகத்துக் கதை என்று பெயர். ஆனால் வரைந்திருப்பது அன்றைய ஆரூர்த் திருவிழா. ஒரு ஊர் தன்னைத் தானே வரைந்துகொண்ட படம் இது. இன்னொரு பொருத்தமும் உண்டு. தஞ்சைச் சுவரில் கயிலைக்குப் போகிற அதே சுந்தரர், இந்தத் தேவாசிரியனில் கூடியிருந்த அடியார்களைக் கண்டுதான், அடியார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகை என்ற பதிகத்தைப் பாடினார்.

புகை படிந்து, மழைநீர் கசிந்து, பல பகுதிகள் போய்விட்ட நிலையில்தான் இந்த விதானத்துக்கு விமோசனம் வந்தது. ஓர் அறக்கட்டளையின் முயற்சியில் வல்லுநர்கள் சுத்தம் செய்தார்கள். முக்கியமான விஷயம், அழிந்த இடத்தில் புதுசாகக் கற்பனை செய்து வரையவில்லை. இருந்ததை இருந்தபடி நிறுத்தினார்கள். அவசரப்பட்டுப் பளபளப்பாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அஜந்தா இருக்கிறது. நிஜாம் அழைத்து 1920-களில் வந்த இத்தாலிய வல்லுநர்கள் பாதுகாப்புக்கென்று அரக்கு வார்னிஷ் பூசினார்கள். நல்லெண்ணத்தோடு பூசியதுதான். அது பழுத்துக் கறுத்து, ஓவியத்தின் நிறத்தையே மூடிவிட்டது.

இந்த மூன்றில் முதல் பணத்தை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், திருவாரூர் மாதிரியான விதானங்களுக்கு என்பேன். தஞ்சையின் நடைவழி பூட்டில் இருக்கிறது, பொதுமக்கள் போவதில்லை, பார்த்துக்கொள்ள ஒரு துறையும் யுனெஸ்கோ பட்டியலில் 1987-லிருந்து ஓர் இடமும் இருக்கின்றன. வழிபாடு நடக்கிற மற்றப் பல கோயில்களின் மண்டபங்களுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. அவற்றுக்கு ஆபத்து வருவது திருப்பணியின் போதுதான்.

எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில், முன்மண்டப விதானத்தில் பழைய ராமாயணக் காட்சிகள் மங்கலாக இருந்தன. அனுமன் வால் மட்டும் நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அதைத் தேடிப் பிடிப்பது எங்களுக்கு விளையாட்டு. குடமுழுக்குக்கு முன் யாரோ ஓர் உபயதாரர் தாராளமாக வெள்ளையடித்துக் கொடுத்தார். தேதி தெரியாத, பெயர் தெரியாத ஓவியனின் வேலை ஒரு மதியத்தில் போயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதை யாரும் ஓவியம் என்று கணக்கில் வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு போட்டோ கூட எங்களிடம் இல்லை.

அதனால் வயதைக் கேட்பதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன்: இது போனால் வேறெங்காவது இதைத் தெரிந்துகொள்ள முடியுமா? அடுத்த திருப்பணிவரை தாங்குமா? திருவாரூர் விதானத்தில் இந்திரன் ஏழு தியாகர் திருமேனிகளை வைத்து, அசலை எடுத்துக்கொள் என்று முசுகுந்தனைச் சோதிக்கிற கதை வருகிறது. அவன் சரியாகத் தேர்ந்தெடுத்தான். இந்திரன் ஏழையும் கொடுத்து அனுப்பினான், ஏழுக்கும் சோழநாட்டில் இன்றும் பூசை நடக்கிறது.