பர்கூர், செட்டிக்கரை: ஒரே நாளில் இரண்டு கல்லூரி பார்க்கும் பயணம் தேறுமா?

பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு சேலத்திலிருந்து காரில் கிளம்பி, கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, தருமபுரி செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி இரண்டையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பலாம். ஒகேனக்கல்லை மட்டும் சேர்க்கக் கூடாது. "இவ்வளவு தூரம் வந்துட்டு அருவி பார்க்காம போறதா?" என்று வண்டியில் ஒருவராவது ஆரம்பிப்பார். தருமபுரியிலிருந்து அது 46 கி.மீ.; போக வரவே இரண்டரை மணி நேரம் போய்விடும். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலையும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு வேறொரு ஞாயிறு ஒதுக்குங்கள்.

போகிற வழியில் இருப்பதால் செட்டிக்கரையை முதலில் முடிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பர்கூர் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம், அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தூரமானதையே முதலில் முடிக்க வேண்டும். காலை 6.30க்குக் கிளம்பினால் தொப்பூர் மலைச்சாலை ஏறி, தருமபுரி தாண்டி, கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலைக்குத் திரும்பி, 9.30 வாக்கில் பர்கூர் கல்லூரி வாசலில் நிற்கலாம். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ரொக்கத்துக்கு இரட்டைக் கட்டணம், யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு.

வேலை நாளில்தான் போக வேண்டும். சனிக்கிழமை போனால் கட்டடத்தைத்தான் பார்க்கலாம். காவலாளியிடம் பதிவேட்டில் எழுத அடையாள அட்டை வேண்டும். மதிப்பெண் பட்டியல் நகலும் கையில் இருக்கட்டும். கட் ஆஃப் கணக்கு (கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200) போட்டுக்கொண்டு, உங்கள் வகுப்புப் பிரிவில் (பி.சி., எம்.பி.சி. போல) போன வருடம் எந்தப் பாடப்பிரிவு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்று பார்த்துவிட்டுப் போங்கள். அதைக் கேட்கவே அங்கே அரை மணி நேரம் வரிசையில் நிற்பவர்கள் உண்டு.

கேட்க வேண்டியவை வேறு. எத்தனை கம்பெனி வந்தது, எத்தனை வேலை ஆர்டர் கிடைத்தது என்பதை விடுங்கள். ஒரே மாணவர் மூன்று ஆர்டர் வாங்கினால் அது மூன்றாகத்தான் எண்ணப்படும். பிரிவுக்கு எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை தனித்தனிப் பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள். லேபில் ஒரு இயந்திரத்துக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தால் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதற்கு என்ன சான்று வேண்டும் என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுதியில் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக்கே உரிய ஒரு கேள்வி இருக்கிறது: குடிக்கிற தண்ணீர் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரா, போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரா? இங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் மஞ்சள் கறை, மூட்டு வலி என்று தலைமுறைகள் பட்ட பிறகுதான் 2013இல் அந்தத் திட்டமே வந்தது. போர் தண்ணீர் என்றால் ஆர்.ஓ. இருக்கிறதா, ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று மெஸ்காரரையே கேளுங்கள். பெண்கள் விடுதிக்குள் அம்மாவோ அக்காவோதான் போக முடியும், அப்பா வரவேற்பறையோடு சரி.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் மதியம் கிருஷ்ணகிரி பக்கத்தில் உள்ள கே.ஆர்.பி. அணை. 1957இல் காமராஜர் திறந்து வைத்த அணை. வெளியே வரிசையாக மீன் வறுவல் கடைகள். எடை போடச் சொல்லி, விலை பேசி, அப்புறம் எண்ணெயில் போடச் சொல்லுங்கள். மசாலா தடவி வெயிலில் காய்ந்து கிடப்பதைத் தொடாதீர்கள், செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காத கடையே நல்ல கடை. பூங்காவில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் ஒரு மணி நேரம் போனதே தெரியாது, ஜாக்கிரதை. காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு (தட்டை) வாங்க ஐந்து நிமிடம் போதும்.

இரண்டரைக்கெல்லாம் செட்டிக்கரை போய்விட வேண்டும். 2013இல் தொடங்கிய கல்லூரி. சிவில் வேண்டுபவர்கள் இதைக் கவனமாகப் பார்க்கலாம். ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து பேருந்து எத்தனை மணிக்கெல்லாம் வருகிறது, கடைசி வண்டி எப்போது என்று மாணவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

நாலரைக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. பாளையம் சுங்கச்சாவடி தாண்டினால் தொப்பூர் இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் முன்னால் போவதில் மோதுவது இந்த இறக்கத்தின் பழைய வியாதி, அதிலும் இரட்டைப் பாலம் பக்கம். காரில் மூன்றாவது கியர், சரிவு கூடினால் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல். பிரேக்கை மிதித்தபடியே வராமல் விட்டு விட்டு மிதியுங்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டாதீர்கள்; பின்னால் ஒன்று நெருங்கினால் முந்தப் பார்க்காமல் வழி விடுங்கள். கருகிய வாடை வந்தால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி இருபது நிமிடம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.