முதன்முதலாகப் பிரிக்க எந்த எஞ்சின்? எம்ஜிபி, ஆல்ஃபா, போர்ஷே 911

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை வீட்டு ஷெட்டிலேயே பிரித்துக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எதில் பாகங்கள் குறைவு?" என்பதுதான். நான் வேறு ஒன்றைக் கேட்பேன். கட்டும்போது ஒரு தப்பு நடந்தால் அது எப்போது தெரியவரும்? எஞ்சினை மூடுவதற்கு முன்பா, ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்ட பிறகா? வீட்டில் வேலை செய்கிறவருக்குப் பக்கத்தில் பார்த்துச் சொல்ல மேஸ்திரி கிடையாது. அதனால் எனக்கு இதுதான் முக்கியம். இதை வைத்தே மூன்று எஞ்சின்களை அலசுகிறேன்: எம்ஜிபியின் பி-சீரிஸ், ஆல்ஃபா ரோமியோவின் ட்வின்-கேம், போர்ஷே 911-இன் ஏர்-கூல்டு ஆறு சிலிண்டர்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் 1798 சிசி எஞ்சினில் பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) வார்ப்பிரும்பு, ஹெட்டும் (அதன்மேல் வால்வுகளோடு மூடும் தலை) வார்ப்பிரும்பு. பிளாக்குக்குள் வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம்ஷாஃப்ட், அதிலிருந்து மேலே போகும் தள்ளுகம்பிகளான புஷ்ராடுகள், அவ்வளவுதான். முதலில் வந்தவற்றில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங். 1964 கடைசியில் ஐந்தாக்கினார்கள். வாங்கும்போது தேர்வு செய்ய முடிந்தால் ஐந்து பேரிங் உள்ளதையே வாங்குங்கள். கிராங்க் உறுதியாக நிற்கும், பின்பக்கம் முறையான ஆயில் சீலும் இருக்கும்.

இந்த எஞ்சின் நமக்கு அந்நியம் இல்லை. 1955-இல் எம்ஜிஏ காரில் வந்த 1489 சிசி எஞ்சினும், நம் ஊர் அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம். எம்ஜிபியில் இருப்பது அதே குடும்பத்தில் சிலிண்டரின் உள்விட்டம் பெரிதான பிள்ளை. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், எல்லாவற்றிலும் 88.9 மி.மீ.தான். அம்பாசடருக்கு போரிங் போட்டு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) பழகிய லேத் பட்டறைக்காரரிடம் இந்த பிளாக்கைக் கொண்டுபோனால் புதிதாக எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

வீட்டில் செய்ய இது ஏன் நல்லது? ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தால் தேய்மானம் தெரிந்துவிடும். மேல் ரிங் ஓடும் இடத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்கை கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங். இவை இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. பேரிங் இடைவெளி சரியா என்று சந்தேகமா? பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு இழையை ஜர்னல்மேல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) வைத்து, பேரிங்கின் மூடியான கேப்பை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கி, திரும்பக் கழற்றுங்கள். இழை எவ்வளவு அகலத்துக்கு நசுங்கியிருக்கிறது என்பதே பதில். தப்பு இருந்தால் அங்கேயே பிடிபடும், மேஜைமேல்.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஹெட். 2, 3 சிலிண்டர்கள் நடுவில் ஒரே எக்ஸாஸ்ட் போர்ட்டைப் (புகை வெளியேறும் வழி) பகிர்ந்துகொள்கின்றன. சூடு அங்கே குவிவதால் வால்வு மூடி உட்காரும் சீட் பக்கம் விரிசல் விடும். ஹெட்டுக்குச் செலவு செய்யும் முன் முதலில் கிராக் டெஸ்ட் செய்துவிடுங்கள். ஈயமில்லாத பெட்ரோலுக்காகக் கெட்டியான எக்ஸாஸ்ட் சீட் போடும் வேலையையும் அதே நேரத்தில் முடித்துவிடலாம்.

ஆல்ஃபாவுக்கு வருவோம். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின் இதுதான், மறைக்கவில்லை. 1954-இல் ஜூலியெட்டாவில் 1290 சிசியாக ஆரம்பித்து 1570, 1779, 1962 சிசி என்று வளர்ந்தது. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், செயினில் ஓடும். எம்ஜிபி சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினைக் கடன் வாங்கி ஓடியது. ஆல்ஃபாவோ பந்தயக் காருக்குரிய அமைப்பைக் குடும்பக் காருக்கே கொடுத்தது.

இதில் வீட்டில் எஞ்சின் கட்டுகிறவருக்கு ஒரு பெரிய வரம் உண்டு: வெட் லைனர். நான்கு சிலிண்டர்களும் தனித்தனி இரும்புக் குழாய்கள். வெளியே தண்ணீர் சூழ, பிளாக்கில் செருகி நிற்கும். போரிங்குக்கு அலைய வேண்டாம். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் பொருந்திய செட்டாகவே வாங்கிக் கையால் இறக்கிவிடலாம்.

ஆனால் தப்பு ஒளிந்துகொள்வதும் அங்கேதான். லைனரின் மேல் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் உயர்ந்து நிற்க வேண்டும். நான்கும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட் சரியாகப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்தால்தான் தெரியும். வைக்காமல் மூடினால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஆயிலில் தண்ணீர் கலந்து அதுவே சொல்லும். ஹெட் இல்லாத நேரத்தில் கிராங்கைச் சும்மா சுற்றினாலும் லைனர்கள் மேலே எழும்பி அடியிலுள்ள சீல் கெட்டுவிடும். அதனால் பிஸ்டன் உள்ளே போன நிமிடமே லைனர்களை கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட வேண்டும்.

வால்வு இடைவெளியிலும் வித்தியாசம் பெரியது. எம்ஜிபியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் இருந்தால் கால் மணி நேர வேலை. ஆல்ஃபாவில் அளந்து எழுதிக்கொண்டு, கேம்ஷாஃப்டைக் கழற்றி, வால்வு தலையிலுள்ள சிறிய ஷிம்மை (தடிமன் சரிசெய்யும் தகடு) மாற்றி, திரும்பப் பூட்டி, மறுபடி அளக்க வேண்டும். பொறுமை இருந்தால் கஷ்டமில்லை. ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் வெகுநாள் மாறவும் மாறாது.

911-ஐப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் எஞ்சினாக இதை எடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆறு சிலிண்டரும் தனித்தனி, படுத்த வாக்கில். கிராங்க் கேஸ் இரண்டு பாதியாகப் பிரியும். நடுவில் கேஸ்கெட் கிடையாது, சீலண்ட் மட்டும். தடவிய பிறகு அது இறுகுவதற்குள் கிராங்க், ராடுகள், செயின்கள் எல்லாம் உள்ளே சரியாக உட்கார, இரு பாதிகளையும் சேர்த்து வரிசைப்படி இறுக்கி முடித்திருக்க வேண்டும். ஒரு ஓ-ரிங்கை மறந்துவிட்டால் முழு எஞ்சினையும் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். கேம் டைமிங்கையும் (வால்வுகள் திறக்கும் நேரத்தை) இரு பக்கமும் தனித்தனியாக டயல் கேஜ் வைத்துதான் அமைக்க வேண்டும். 1968 முதல் 1977 வரையிலான பெரும்பாலான 911 எஞ்சின்களில் கேஸ் மெக்னீசியம். அதிலும் 1974-77 காலத்து 2.7 லிட்டரில் ஹெட்டைப் பிடிக்கும் நீளமான போல்ட்களான ஸ்டட்கள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவது எல்லாருக்கும் தெரிந்த நோய். அதைச் சரிசெய்ய நல்ல மெஷின் ஷாப் வேண்டும், வீட்டு ஷெட் போதாது. 1978-இல் 911 எஸ்சி மாடலோடு அலுமினிய கேஸ் வந்தபின் அந்தத் தலைவலி பெருமளவு குறைந்தது.

ஆக, முதல்முறை என்றால் ஐந்து பேரிங் எம்ஜிபி. அதைக் கட்டி ஓட்டிப் பார்த்து, டயல் கேஜ் பிடிக்கக் கை பழகிய பிறகு ஆல்ஃபா. ஏற்கெனவே 911 வைத்திருப்பவர் என்ன செய்வது? எஞ்சினை நீங்களே இறக்குங்கள். சிலிண்டர், ஹெட் வரை நீங்களே கழற்றி, சுத்தம் செய்து, பெயர் எழுதி அடுக்குங்கள். கேஸை மட்டும் அந்த எஞ்சினையே தினமும் கட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டு, அவர் மூடும் நாளில் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள்.