வேலூர்க் கோட்டை அகழி: படகா, நடைபாதையா?

கோட்டை அகழிக் கரையை என்ன செய்யலாம் என்று பேச்செடுத்தால் வேலூரில் இரண்டு கட்சி. மறுபடி படகு விடுங்கள் என்பது ஒன்று. கரையோரம் நல்ல நடைபாதை போதும் என்பது இன்னொன்று.

படகுக்குக் கவர்ச்சி அதிகம். தண்ணீர் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் 16ஆம் நூற்றாண்டு கருங்கல் மதிலின் உயரம் உறைக்கும். பிள்ளைகளும் குஷியாகிவிடுவார்கள். ஆனால் அதற்குத் துறை கட்ட வேண்டும், ஆண்டு முழுக்க ஆழமும் வேண்டும். நம் ஊர் கோடையில் மட்டம் இறங்கி, பாசி படர்ந்து, பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? அதோடு இது மாநகராட்சி இஷ்டத்துக்குக் கைவைக்கிற இடமில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2010 சட்டத் திருத்தப்படி எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை.

நடைபாதைக்கும் இதே சட்டம்தான். ஆனால் இருக்கிற தரையைச் சீர்செய்து, விளக்கும் குப்பைத்தொட்டியும் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. டிக்கெட்டும் கிடையாது.

என் ஓட்டு நடைபாதைக்கு. அப்புறம், 2021 நவம்பர் மழையை மறந்துவிடக் கூடாது. அகழி நிரம்பி, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. எந்தத் திட்டத்துக்குப் பணம் வந்தாலும், உபரிநீர் வெளியேறும் கால்வாயைத் தூர்வார முதல் பங்கை ஒதுக்கிவிடட்டும்.